நூற்றுப் பன்னிரண்டாம் பீப்பாயின் சாட்சியம்

குடிப்பது வேறு, ரசிப்பது வேறு என்கிற மாபெரும் உண்மை மனித குலத்துக்கு வெளிப்பட்டது சென்ற ஆண்டு ஜூலை பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை, மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு. இடம், பாளையங்கோட்டை. அதற்கு முன் வாழ்ந்த கோடானுகோடிப் பேரும் இரண்டும் ஒன்றென்று நினைத்துக்கொண்டே செத்துப்போனார்கள், பாவம். உண்மையைக் கண்டறிந்தவர் திரு. பாக்கியசீலன். மாவட்ட மதுவிலக்குப் பிரசார சங்கத்துக்கு மூன்றாவது முறையாகப் போட்டியின்றித் தலைவரானவர். கல்வித்துறையில் பதினான்கு வருஷம் ஒரே நாற்காலியில் இருந்து ஓய்வுபெற்றவர். சபையார் நடத்தும் உயர்நிலைப் பள்ளிக்குத் தாளாளர். இப்பேர்ப்பட்ட உண்மை இப்பேர்ப்பட்டவரிடம்தான் வந்து சேரும்.

அமெரிக்காவில் கென்டக்கியில் வேலை பார்க்கும் மகன் ஜெய்சன் விடுமுறைக்கு வந்திருந்தான். அவன் பெட்டியில், குளிக்கிற துண்டுக்குள் சுற்றி இரண்டு பாட்டில்கள் இருந்தன. பாக்கியசீலன் அவற்றை உடனே 'பறிமுதல்' செய்தார். சாக்கடையில் கொட்டி அழிப்பது என்றும் தீர்மானித்தார். ஆனால் எதை அழிக்கிறோம் என்று தெரியாமல் அழிப்பது நீதியாகாது. எனவே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார்.

ஒற்றைப் பீப்பாய் போர்பன் விஸ்கி. பல பீப்பாய்களைக் கலந்தடித்தது அல்ல. உட்புறம் கருக்கிய ஒரே ஒரு ஓக் மரப் பீப்பாயில், கிடங்கின் மூன்றாம் மாடியில், பன்னிரண்டு வருஷம் கிடந்தது. பீப்பாய் எண் 112 என்று யாரோ கையாலேயே எழுதியிருந்தார்கள். பாக்கியசீலனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. இடமாற்றம் கேட்காமல், சிபாரிசு பிடிக்காமல், பன்னிரண்டு வருஷம் ஒரே இடத்தில் இருந்து முதிர்ந்த ஒன்றை அவர் அதுவரை முகம் பார்க்கும் கண்ணாடியில் மட்டுமே பார்த்திருந்தார்.

"அப்பா, இதைக் குடிக்கதுன்னு சொல்லாதிய. ரசிக்கதுன்னு சொல்லணும்" என்றான் ஜெய்சன். "மொதல்ல நிறம் பாக்கணும். பெறகு மோந்து பாக்கணும். அதுக்குப் பெறகுதான் நாக்கு."

"முழுங்கணுமாலே?"

"லேசா."

"லேசா முழுங்குனா குடிச்சதா ஆகாதுல்லா?"

"ஆகவே ஆகாது. உலகம் பூரா அப்படித்தான்."

உலகம் முழுவதையும் எதிர்த்து நிற்க ஒரு தனிமனிதரால் முடியுமா? பாக்கியசீலன் முகர்ந்தார். நாலு மணி பத்து நிமிடம்.

ஜெய்சன் கென்டக்கிக்குத் திரும்பினான். ஒரே பீப்பாயில் பிறந்த அந்த இரட்டையர்கள் மட்டும் பாளையங்கோட்டையில் தங்கிவிட்டார்கள். வீட்டில் தங்க வழியில்லை. காரணம், பாக்கியசீலனின் மனைவி பியூலாவின் மூக்கு. உவரியிலிருந்து மீன் கொண்டுவருகிறவரின் மோட்டார் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே, அடுக்களையில் நின்றபடி, "இது முந்தாநாத்து மீனு, வேண்டாம்னு சொல்லிருங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிற மூக்கு அது. போதாக்குறைக்கு அந்த அம்மாள் பள்ளி நிர்வாகக் குழுவின் செயலாளர் வேறு. ஆகவே பாட்டில்கள் பள்ளிக்கூடத்து ஆய்வகத்துக்குக் குடிபெயர்ந்தன. அங்கே மண்டையோட்டுப் படம் போட்ட ரசாயன அலமாரியில், அமிலங்களுக்குப் பின்னால், 'எத்தனால் கரைசல்' என்று சீட்டு ஒட்டி வைக்கப்பட்டன. பாக்கியசீலன் பொய் எழுதுகிறவர் அல்ல.

இவ்வாறு 'சுவையறி ஆய்வுக் குழு' உதயமாயிற்று. உறுப்பினர் மூவர். தலைவர் பாக்கியசீலன். துணைத்தலைவர் செல்வமணி, பொதுப்பணித்துறையில் ஆறு, கால்வாய் என்று அலைந்து ஓய்வுபெற்ற பொறியாளர். அறிவியல் ஆலோசகர் எபி, பள்ளியின் வேதியியல் ஆசிரியர்; ஆய்வகச் சாவி அவரிடம் இருந்தபடியால் அவருடைய அறிவியல் தவிர்க்க முடியாததாக இருந்தது. கூட்டம் சனிக்கிழமைதோறும் மாலை நாலு மணிக்கு. ஆளுக்கு ஐந்து மில்லி, பிப்பெட்டால் அளந்து. முடிவு தெளிவாக இல்லாவிட்டால் மறுபரிசீலனை உண்டு. எட்டு மாதத்தில் ஒரு சனிக்கிழமைகூட முதல் சுற்றில் முடிவு தெளியவில்லை. சனிக்கிழமை இரவுகளில் தலைவர் பிரசார வேலை என்று மதுவிலக்குச் சங்க அலுவலகத்திலேயே தூங்கிவிடுவதால் பியூலாவின் மூக்குக்கு எதுவும் எட்டவில்லை.

கூட்டங்களின் கண்ணியத்தைப் பார்த்தால்தான் தெரியும். செல்வமணி பாபநாசத்திலிருந்து ஒரு குப்பியில் தாமிரபரணித் தண்ணீர் கொண்டுவருவார். போர்பனில் ஒரு சொட்டு தண்ணீர் விட்டால் வாசம் மலரும் என்பது ஜெய்சன் வாக்கு. குழாய்த் தண்ணீரில் அது மலராது என்பது செல்வமணி வாக்கு.

"மோந்து பாரும் வே. என்ன வருது?"

"வெனிலா வருது அண்ணாச்சி."

"வெனிலா எல்லாருக்கும் வரும். அதுக்குக் கீழ பாரும்."

செல்வமணி பீக்கருக்குள் மூக்கை நுழைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "கருப்பட்டி காய்ச்சுத பானைக்கு அடியில ஒட்டியிருக்கும் பாத்தியளா, அது வருது."

"ஆகா! எபி தம்பி, குறிச்சுக்கிடும். பானையின் அடி."

"எனக்குப் புது பத்தமடைப் பாய் வருது சார்" என்றார் எபி.

"கொள்ளாமே! எனக்கு எங்க ஐயாவோட பைபிள் வருது. அந்தத் தோல் அட்டை." பாக்கியசீலன் பீக்கரை நெற்றியில் ஒற்றிக்கொண்டார். "தம்பி, பின்சுவை எவ்வளவு நேரம் நிக்கி?"

எபி நிறுத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு கீர்த்தனைப் பல்லவி நேரம் சார். அனுபல்லவி தொடங்கயில போயிருது."

பாட்டிலில் மட்டம் அளவுக்கு மீறிக் குறைவதாக ஒருமுறை சந்தேகம் வந்தது. பீப்பாயில் முதிரும்போது ஆவியாகிப் போவதை 'தேவதூதர் பங்கு' என்று கென்டக்கியில் சொல்வார்களாம். மூடிய பாட்டிலுக்கு அது பொருந்துமா என்று எபி கேட்டார். நம்முடைய வெயிலுக்குப் பொருந்தும் என்று செல்வமணி ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். பாளையங்கோட்டையில் இத்தனை ஆலயங்கள் இருக்கையில் தேவதூதர் நடமாட்டமும் அதிகமாகத்தானே இருக்கும்.

கூட்டம் முடிந்ததும் பாக்கியசீலன் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்ப்பார். எதிரே கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் அரசு மதுக்கடை. அங்கே வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்து அவர் கண் கலங்கும். மோந்துகூடப் பார்க்காமல் அப்படியே ஊற்றிக்கொள்கிறார்களே, இந்த ஜனங்கள் எப்போது திருந்தும் என்று உண்மையாகவே வருந்துவார். அந்த வருத்தத்தில் எழுதியவைதான் அவருடைய புகழ்பெற்ற மதுவிலக்குச் சொற்பொழிவுகள். அந்த வருத்தத்தில் பிறந்ததுதான் பள்ளி ஊழியர் நடத்தை விதி பதினான்கும். 'வளாகத்தில் எவரேனும் மது அருந்தினால் உடனடிப் பதவி நீக்கம். வாய் வாடையே போதிய சாட்சி. ஊதிக் காட்ட மறுப்பதும் குற்றமே.' அதை அவர் தம் கையாலேயே அழகாக எழுதிச் சட்டம் போட்டு, நிர்வாகக் குழு அறையில் தம் நாற்காலிக்கு நேர் மேலே மாட்டியிருந்தார்.

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை, ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் எழுத்துமூலம் புகார் கொடுத்தார். ஆய்வகத்தில் மதுவாடை அடிக்கிறது. வாரம் தவறாமல் அடிக்கிறது. பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிறார்கள்.

குழுவினர் மூவரும் திடுக்கிட்டார்கள். யோக்கியமான பள்ளிக்கூடத்தில் மதுவா! அது தங்களுடையதாக இருக்கலாம் என்ற எண்ணம் மூவரில் ஒருவருக்கும் வரவில்லை. வரவும் முடியாது. அவர்களிடமிருந்து வந்தது நறுமணம். புகாரில் எழுதியிருந்தது வாடை.

"எபியை விட்டா லேப் சாவி யாருட்ட இருக்கு?" என்று கேட்டார் பாக்கியசீலன்.

"வாட்ச்மேன் சுடலைராஜ்ட்டதான்" என்றார் செல்வமணி.

சுடலைராஜுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். வளாகத்து மூலையில் ஓடு போட்ட ஒற்றை அறையில் அவரும் மனைவி இசக்கியம்மாவும் இருந்தார்கள். வேலை போனால் அறையும் போகும். அறை போனால் அவர்களுக்கு வேறு கூரை கிடையாது. குடி விஷயத்தில் அவருக்குக் காரையாற்றுச் சாமி முன்னால் செய்த சத்தியம் உண்டு. அதற்கும் இருபத்தாறு வருஷ சர்வீஸ். சனிக்கிழமை மாலைகளில் தாளாளர் ஐயா சொன்னபடி மூன்று பீக்கர்களைக் கழுவிக் கவிழ்ப்பது அவர்தான். அதில் என்ன இருந்தது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

"பாவம், நல்ல மனுசன்" என்று பாக்கியசீலன் பெருமூச்சு விட்டார். "என்ன செய்ய? விதி பதினாலுன்னு ஒண்ணு இருக்கே."

வெளியாட்கள் விசாரித்தால் மூக்குப் பழக்கமில்லாதவர்கள் தவறு செய்துவிடக்கூடும். எனவே எட்டு மாதப் பயிற்சி பெற்ற மூன்று மூக்குகளையே விசாரணைக் குழுவாக நியமித்துத் தாளாளர் உத்தரவிட்டார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு விசாரணை. ஐந்து மணிக்கு நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அறிக்கை. அதன்மேல் உடனே தீர்ப்பு.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே குழு ஆய்வகத்தில் கூடியது. "மூக்கைச் சமன் பண்ணாம மோந்து பாத்தா முடிவு செல்லாது சார்" என்று எபி சொல்லிவிட்டார். ஒரு மனிதனின் பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயத்தில் ஐந்து மில்லியோடு நிறுத்துவது மனசாட்சிக்கு ஒப்பாது. மூன்றே முக்கால் வரை சமன் செய்தார்கள். இரட்டையரில் இளையவர் அன்றோடு காலியானார். பாக்கியசீலனுக்கு எல்லோர்மேலும் அன்பு பொங்கியது. செல்வமணி பீரியாடிக் டேபிளைப் பார்த்து இரண்டு தடவை சிரித்தார்.

நாலு மணிக்கு சுடலைராஜ் வந்து நின்றார். சலவைச் சட்டை, நெற்றியில் திருநீறு. பள்ளி எழுத்தர் டெபோரா நோட்டோடு ஓர் ஓரத்தில் உட்கார்ந்தாள். சொன்னதைச் சொன்னபடி எழுதவேண்டும், ஓர் எழுத்து கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று தாளாளர் போன மாதம்தான் அவளுக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை கொடுத்திருந்தார்.

"ஏலே சுடல, குடிச்சியா?"

"இல்ல ஐயா."

"எல்லாப் பயலும் அப்படித்தான் சொல்லுவான். கிட்ட வா. பைய ஊது."

சுடலைராஜ் ஊதினார். பாக்கியசீலன் அவர் வாய்க்கு நாலு விரல்கடைத் தூரத்தில் மூக்கை வைத்து, கண்ணை மூடி, ஆழமாக இழுத்தார். இழுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். முகத்தில் ஓர் ஒளி பரவியது.

"வெனிலா" என்றார் மெதுவாக.

செல்வமணி பாய்ந்து வந்தார். "தள்ளுங்க அண்ணாச்சி... ஆமா! பானையடி! பானையடி வருது!"

எபியும் வந்தார். மூன்று மூக்குகளும் சுடலைராஜின் முகத்தைச் சூழ்ந்தன. "பத்தமடைப் பாய், சார்! சந்தேகமே இல்ல. கருக்குன ஓக்கு மரம்!"

"பைபிள் அட்டை!" என்று பாக்கியசீலன் கூவினார். "லே, இது நம்ம பீப்பாய்லே! நூத்திப் பன்னெண்டு! மோந்தே கண்டுபிடிச்சிட்டோம்!"

மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். உலகத்தில் எத்தனை பேரால் இது முடியும்? பாட்டிலைப் பார்க்காமல், சீட்டைப் படிக்காமல், ஒரு வாட்ச்மேனின் மூச்சிலிருந்து பீப்பாய் எண்ணைச் சொல்வது! கென்டக்கியிலேயே இதற்கு ஆள் இருக்குமா என்பது சந்தேகம். எட்டு மாதத் தவம் வீண்போகவில்லை என்று செல்வமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயா" என்றார் சுடலைராஜ். "நீங்க மூணு பேரும் கிட்ட வந்த பெறகுதான் அந்த வாடை வருது. தள்ளி நின்னா வரல."

"சாட்சியைக் குழப்பாத."

"இந்த வேலை போச்சுன்னா எனக்குப் போக எடமில்ல ஐயா. நான் சாமி சத்தியமா..."

"சுடல, நீ வருத்தப்படாத. உன் மேல எனக்குக் கோவமே இல்ல. நீ குடிச்சது சாதாரணச் சரக்கு இல்லலே!" பாக்கியசீலன் அவர் தோளை அன்போடு தட்டிக்கொடுத்தார்.

"அப்ப அலமாரியில மட்டம் கொறைஞ்சது இவனாலதானா?" செல்வமணிக்குத் திடீரென்று பொறி தட்டியது. "அடப்பாவி, இத்தன நாளா தேவதூதர் மேலல்லா பழியப் போட்டுட்டோம்!"

"களவை எழுத வேண்டாம். மன்னிச்சு விட்டுருவோம்" என்றார் பாக்கியசீலன் கருணையோடு. "டெபோரா, எழுதிக்கோம்மா."

அறையில் உலவிக்கொண்டே அவர் அறிக்கையைச் சொன்னார். சொற்கள் தாமாக வந்தன. பதினான்கு வருஷம் அரசாங்கக் கோப்புகளில் வீணாகிப்போன தமிழ் அன்று அணை திறந்த மாதிரி வந்தது. நடுவில் எபி குறுக்கிட்டார். "ஒப்பிட்டுப் பாத்த மாதிரியையும் எழுதணும் சார். அது இல்லாட்டா அறிவியலே இல்ல."

"எழுதும்மா, அதையும் எழுது."

டெபோரா எழுதினாள். தட்டச்சு செய்து ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கொண்டுவந்தாள். பாக்கியசீலன் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். தாம் சொன்னதைத் தாமே படிப்பது தற்பெருமை என்பது அவர் கொள்கை. அவருக்குக் கீழே மற்ற இருவரும் போட்டார்கள்.

நிர்வாகக் குழு அறையில் பன்னிரண்டு பேர். மின்விசிறி, டீ, வாழைக்காய் பஜ்ஜி. சுடலைராஜ் கதவோரம் நின்றார். அவருக்குப் பின்னால் வராந்தாவில் இசக்கியம்மா, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு. விசாரணைக் குழுவினர் மூவரும் தாளாளர் நாற்காலி இருக்கிற மேசையின் மறுகோடியில், மின்விசிறிக்குக் கீழே அடக்கமாக அமர்ந்தார்கள். செயலாளர் பியூலா அம்மாள் எழுந்து, ஆலய அறிவிப்பு வாசிக்கிற அதே குரலில் வாசிக்கத் தொடங்கினார்.

"'குற்றம் சாட்டப்பட்டவரின் சுவாசத்தில் முதல் முகர்வில் வெனிலா. இரண்டாம் முகர்வில் கருப்பட்டி காய்ச்சிய பானையின் அடி...'"

"சமையல் குறிப்பா?" என்றார் காது மந்தமான ஓர் உறுப்பினர், பஜ்ஜியைக் கீழே வைத்து.

"'மூன்றாவதில் கருக்கிய ஓக் மரம், புதிதாக விரித்த பத்தமடைப் பாய், பழைய வேதாகமத்தின் தோல் அட்டை. பின்சுவை நீளமானது, கண்ணியமானது.'"

பாக்கியசீலன் கண்ணை மூடி ரசித்தார். என்ன நடை! மனைவியின் வாயால் கேட்கும்போது இன்னும் நன்றாக இருந்தது. மற்ற உறுப்பினர்களும் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"'மேற்கண்ட லட்சணங்களால் இது கிடங்கின் மூன்றாம் மாடியில் பன்னிரண்டு வருஷம் முதிர்ந்த ஒற்றைப் பீப்பாய் போர்பன், பீப்பாய் எண் நூற்றுப் பன்னிரண்டு என்பதில் குழுவுக்கு யாதொரு ஐயமும் இல்லை. ஏனெனில் இது...'" பியூலா அம்மாளின் குரல் ஒரு கணம் நின்றது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தொடர்ந்தது. "'ஏனெனில் இது ரசாயன அலமாரியிலிருந்து எடுக்கப்பட்டு, இன்று மாலை மூன்று மணி முதல் மூன்றே முக்கால் வரை குழுவினர் மூவரும் தத்தம் நாவில் பலமுறை சோதித்து விழுங்கிய மாதிரியுடனும், கடந்த எட்டு மாதச் சனிக்கிழமைகளில் இதே ஆய்வகத்தில் சோதித்து விழுங்கிய மாதிரிகளுடனும் முற்றிலும் ஒத்துப்போகிறது.'"

பாக்கியசீலன் கண்ணைத் திறந்தார். செல்வமணி பஜ்ஜித் தட்டைப் பார்த்தார். எபி, தான் இந்தக் குழுவில் ஆலோசகர் மட்டுமே என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார்.

"எல்லாம் சொன்னது சொன்னபடிதான் இருக்காம்மா?" என்று பியூலா அம்மாள் கேட்டார்.

"ஒரு எழுத்து கூட்டல, கொறைக்கல அம்மா" என்றாள் டெபோரா.

பியூலா அம்மாள் அறிக்கையை மடித்தார். கதவோரம் போய் சுடலைராஜின் முன்னால் நின்று, ஒரே ஒரு தடவை மூச்சை இழுத்தார். "கருப்பட்டிக் காப்பி" என்றார். "மத்தியானம் பூண்டு ரசம். நீ உக்காரு சுடலைராஜ். இசக்கியம்மா, நீயும் உள்ள வந்து உக்காரு."

பிறகு மேசையைச் சுற்றிப் பைய நடந்து வந்தார். தாளாளர் நாற்காலியின் முன்னால் நின்றார். மேலே சுவரில், சட்டத்துக்குள், அழகான கையெழுத்தில் விதி பதினான்கு இருந்தது. அதை ஒருமுறை முழுசாகப் படித்தார். அப்புறம் கணவரின் முகத்துக்கு நாலு விரல்கடைத் தூரத்தில் குனிந்தார்.

"தாளாளர் அவர்களே," என்றார், "ஊதுங்க."